ஆறும் வாவியும் அழைக்கின்றன

நீர்வளம் மிக்க நாடு நமது நாடு. நாற்புறமும் சூழ்ந்த கடலை ஈண்டுக் கருதவில்லை. நாட்டின் உள்ளே ஓடுவதும் தேங்குவதுமான நீரையே குறிப்பிடுகின்றேன். சிறியனவும் பெரியனவுமாக 103 ஆற்று வடிநிலங்கள் இத்தீவில் உள்ளன. இவற்றோடு, பண்டைய மன்னர்கள் கட்டுவித்த குளங்கள், அண்மைக் காலத்து நீர்த்தேக்கங்கள், கரையோரமெங்கும் கிடக்கும் கடனீரேரிகள் ஆகியவற்றையும் சேர்த்துப் பார்த்தால், இருபது மைல் நடந்தும் ஒரு நீர்நிலையைக் காணாத ஊர் நம் நாட்டில் அரிது என்றே சொல்லலாம்.

ஆயினும், நம்மவர் குடும்பங்கள் நீரோடு கொண்டுள்ள உறவு யாது? விடுமுறை நாளில் பாலத்தின்மேல் நின்று பார்க்கின்றோம், கரையிலிருந்து கட்டுச்சோறு உண்கின்றோம், பிள்ளைகள் கணுக்கால் அளவு நீரில் இறங்கியதும், "போதும், ஏறு!" என்று கூவுகின்றோம். நீரின்மேல் தம் கையால் ஓடம் செலுத்தி ஒரு நாழிகையேனும் கழித்தவர் நம்மில் எத்தனை பேர்? இக்கேள்வியைக் கேட்கும் நானும், சென்ற ஆண்டு வரை, அக்கரை சேராத கூட்டத்தைச் சேர்ந்தவனே. அதன் காரணத்தைப் பின்னர் கூறுவேன்.

கயாக் என்னும் சிற்றோடம்

இக்கட்டுரையில் நான் பேசப்போவது பெரிய படகுகளைப் பற்றியன்று; ஒருவரோ இருவரோ அமர்ந்து செலுத்தும் 'கயாக்' என்னும் சிற்றோடத்தைப் பற்றியே. வட துருவத்தை அடுத்த பனிநாடுகளில் வாழும் இனுயிட் மக்கள் கண்டறிந்த ஓடம் இது. மரம் வளராத அந்நாட்டில், கடலில் மிதந்து வந்த கட்டைகளையும் திமிங்கில எலும்பையும் சட்டமாக்கி, அதன்மேல் கடல்நாயின் தோலைப் போர்த்து, வேட்டைக்காக அவர்கள் அதனைச் செய்தார்கள். இன்றோ உலகெங்கும் விளையாட்டுக்கும் பொழுதுபோக்குக்கும் அது பயன்படுகின்றது. 1936ஆம் ஆண்டு பேர்லின் ஒலிம்பிக் போட்டியிலே பதக்கத்துக்குரிய விளையாட்டாகவும் ஏற்றுக்கொள்ளப்பட்டது.

சாதாரணப் படகில் தண்டு வலிப்பவர், செல்லும் திசைக்கு முதுகைக் காட்டி அமர்வார். கயாக்கில் அமர்பவரோ முன்னோக்கிக் கால் நீட்டியிருந்து, இரு முனையிலும் தட்டுள்ள ஒரே துடுப்பை இடமும் வலமுமாக மாறி மாறி இடுவார். ஆதலால் போகும் வழியும் கரையின் காட்சியும் எப்போதும் கண்முன்னே இருக்கும். நம் நாட்டில் வாடகைக்குக் கிடைப்பவை பெரும்பாலும் பிளாஸ்டிக்கினால் ஆனவை. உள்ளே நுழைந்து அமராமல் மேலே அமரும்படி அமைந்தவையும் உண்டு. கவிழ்ந்தாலும் இவை மிதந்துகொண்டேயிருக்கும். முதன்முறை பழகுவோருக்கும் பிள்ளைகளோடு செல்வோருக்கும் இவையே உகந்தவை.

இது நமக்குப் புதியதன்றோ என எண்ண வேண்டா. ஆங்கிலத்தில் 'கற்றமரான்' என வழங்கும் சொல் நமது 'கட்டுமரம்' என்பதினின்று பிறந்ததே. வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட 'அன்னபூரணி' என்னும் பாய்க்கப்பல் 1938ஆம் ஆண்டில் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகத்தைச் சென்றடைந்தது. கடலை அளந்த மரபிலே வந்தவர்கள் நாம். குளத்தைக் கண்டு அஞ்சுவானேன்?

நான் அஞ்சிய கதை

1993ஆம் ஆண்டு, எனக்கு வயது பன்னிரண்டு. ஆனையிறவுப் பாதையும் சங்குப்பிட்டிப் பாதையும் போரினால் அடைபட்டிருந்தன. யாழ்ப்பாணக் குடாநாட்டினின்று வெளியே செல்வோர், கிளாலிக் கரையில் இரவில் வள்ளமேறி, கடனீரேரியைக் கடந்து பூநகரிப் பக்கம் கரையேறுவர். நாங்களும் அவ்வாறே புறப்பட்டோம். அம்மாவின் மடியில் தங்கை. என் மடியில் ஒரு பெட்டி. அப்பாவின் கை என் தோளில். விளக்கு ஏற்றக் கூடாது, உரக்கப் பேசக் கூடாது என்றார்கள். வள்ளத்தின் விளிம்புக்கும் நீருக்கும் இடையே ஒரு சாண்கூட இல்லை. எங்கோ தொலைவில் ஒரு வெளிச்சம் தோன்றியபோது, வள்ளத்திலிருந்த அத்தனை பேரும் ஒரே நேரத்தில் மூச்சை அடக்கியதை இன்றும் உணர்கின்றேன். அந்த நீரில் உயிரிழந்தோர் பலர். நாங்கள் கரையேறினோம். ஆனால் அந்த இரவு என்னோடு கரையேறிவிட்டது.

அதன் பின்னர் நான் பட்டதாரியாகிப் புவியியல் ஆசிரியனானேன். மகாவலி கங்கையின் நீளம் 335 கிலோமீற்றர் என்று கரும்பலகையில் எழுதுவேன். ஆற்றின் படத்தைக் கண்ணை மூடிக்கொண்டும் வரைவேன். நயினாதீவுக்குப் படகேறும் நாளிலோ, கண்ணை மூடிக்கொண்டு நாகபூஷணி அம்மனை வேண்டியபடியே அக்கரை சேர்வேன். என் மகளையும் நீருக்கு அண்மையில் விட்டதில்லை. அவள் நீந்தக் கற்கவில்லையே என மனைவி கூறும்போதெல்லாம், "பரீட்சை முடியட்டும்" என்று ஒத்திவைத்து வந்தேன்.

மட்டக்களப்பு வாவி

சென்ற ஆண்டு ஓகஸ்ட் விடுமுறையில், கல்லடியிலுள்ள மைத்துனர் வீட்டுக்குக் குடும்பத்துடன் சென்றிருந்தோம். வாவிக்கரையில் ஓடங்கள் வாடகைக்கு விடப்படுவதைக் கண்ட மகள், "அப்பா, நீங்கள் ஏறினால்தான் நானும் ஏறுவேன்" என்றாள். பதின்மூன்று வயதுப் பிள்ளை தன் ஆசையையும் தந்தையின் அச்சத்தையும் ஒரே தராசில் வைத்துவிட்டாள். மறுக்க வழியில்லை.

ஓடத்துக்குப் பொறுப்பானவர் முதியவர். மீன்பிடித் தொழிலில் வாழ்நாளைக் கழித்தவர். மிதவை அங்கியை என் மார்பில் இறுகக் கட்டிவிட்டு, இருவர் அமரும் ஓடத்தில் மகளை முன்னும் என்னைப் பின்னும் இருத்தினார். என் கைகள் துடுப்பைப் பற்றியிருந்த விதத்தைப் பார்த்துச் சிரித்தார்.

"மாஸ்டர், துடுப்ப இவ்வளவு இறுக்கிப் பிடிக்காதீங்க. இடுப்ப விட்டுக்குடுங்க. தண்ணி ஆடுற பக்கம் நீங்களும் ஆடுங்க, ஓடம் சாயாது."

அவர் கூறியதே இக்கலையின் முதற்பாடம். உடலை விறைப்பாக வைத்திருந்தால் ஓடம் தளம்பும். இடுப்பைத் தளர்த்தினால் ஓடம் தானே சமநிலை கொள்ளும். துடுப்பிடுவதும் கையின் வேலையன்று. முதுகும் தோளும் திரும்பி இழுக்க வேண்டும். கால் மணி நேரத்தில் இவ்வளவும் விளங்கிவிட்டது. அரைமணி நேரத்தின் பின்னரே நான் அஞ்ச மறந்திருந்ததை உணர்ந்தேன்.

சிற்றோடப் பயணத்துக்கு இலங்கையில் முதலிடம் கொடுக்கத்தக்கது இவ்வாவியே என்பது என் கருத்து. வடக்குத் தெற்காக ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் இது, பாலமீன்மடு முகத்துவாரத்திலும் தெற்கே கல்லாற்றுப் பக்கத்திலும் கடலோடு கலக்கின்றது. சூரியன் எழும் கீழ்க்கரையை எழுவான்கரை என்றும், சூரியன் படும் மேற்கரையைப் படுவான்கரை என்றும் மட்டக்களப்பு மக்கள் வழங்குவர். இவ்வழகிய பெயர்களின் பொருளைப் பாடப் புத்தகத்தில் படிப்பதிலும், அதிகாலையில் வாவியின் நடுவே ஓடத்தில் இருந்துகொண்டு அறிவது இனிது. புளியந்தீவை ஓடத்தில் சுற்றி வருகையில், 1628ஆம் ஆண்டில் போர்த்துக்கீசர் எழுப்பி, 1638இல் ஒல்லாந்தர் கைப்பற்றிய கோட்டையின் மதிலை நீர்மட்டத்திலிருந்து காணலாம். முகத்துவாரப் பக்கம் சென்றால் 1913ஆம் ஆண்டின் வெளிச்சவீடு தோன்றும். கண்டல் மரங்களின் வேர்களிடையே கொக்குகளும் நீர்க்காகங்களும் மனிதரைப் பொருட்படுத்தாது மீன் தேடிக்கொண்டிருக்கும்.

பாடும் மீனைப் பற்றிக் கூறாது மேற்செல்லல் இயலாது. 1848ஆம் ஆண்டில் இங்கு வந்த எமேர்சன் தெனந்து, இரவில் வாவியின் நடுவே படகிலிருந்து இவ்வோசையைத் தாமே கேட்டுத் தமது நூலில் எழுதியுள்ளார். அக்கால மீனவர்கள் இதனை ஒருவகைச் சிப்பியின் ஒலியெனக் கருதினர் என்பதும் அவர் தரும் செய்தி. காரைதீவில் 1892இல் பிறந்து, 'யாழ் நூல்' அரங்கேறிய 1947ஆம் ஆண்டிலேயே மறைந்த சுவாமி விபுலாநந்தர், இதனை நீரர மகளிரின் இசையாகப் பாடினார். காற்றடங்கிய பூரணை இரவில், கல்லடிப் பாலத்துக்கு அண்மையில், துடுப்பின் ஒரு முனையை நீரில் அமிழ்த்தி மறுமுனையைக் காதில் வைத்துக் கேட்பது மரபு. மைத்துனரின் தோணியில் சென்று நாங்களும் அவ்வாறு கேட்டோம். மகள் கேட்டதாகச் சாதித்தாள். நான் கேட்டது பாடலா, என் காதின் இரைச்சலா என இன்றும் துணிந்து சொல்லமாட்டேன். ஆனால் இரவில், நீரின் நடுவே, வள்ளத்தில் இருந்துகொண்டு, மீனின் பாட்டுக்குக் காது கொடுத்தேன் என்பதே எனக்குப் பெரிய செய்தி.

பொத்துவிலும் கல்லோயாவும்

கிழக்கிலே அடுத்துக் காணத்தக்கது பொத்துவில் கடனீரேரி. அறுகங்குடாவின் அலைகளை நாடி உலகெங்குமிருந்து இளைஞர் வருகின்றனர்; அதற்கு வடக்கே சிறிது தூரத்தில் அலையே இல்லாத இந்நீர்நிலை கண்டற் காட்டினிடையே அமைதியாகக் கிடக்கின்றது. இங்குள்ள மீனவர்கள், பக்கத்தில் மிதவைக்கட்டை பொருத்திய தோணியில் வருவோரை ஏற்றி, கோலூன்றி மெதுவாகக் கொண்டு செல்வர். மாலையில் நீர் அருந்த யானைகள் கரைக்கு வருவதுண்டு. முதலையும் இங்கு உண்டு; ஆதலால் இடமறிந்த மீனவரின் தோணியில் செல்வதே அறிவுடைமை.

பட்டிப்பளை ஆறு எனவும் வழங்கும் கல்லோயாவை இங்கினியாகலையில் மறித்துக் கட்டிய சேனநாயக்க சமுத்திரம், 1949ஆம் ஆண்டில் தொடங்கிய பெருந்திட்டத்தின் பயன். சுற்றியுள்ள காடு 1954இல் தேசிய வனமாக்கப்பட்டது. நீரில் மூழ்கிய குன்றுகளின் உச்சிகள் இன்று தீவுகளாய் நிற்கின்றன. புல்லை நாடி யானைகள் ஒரு தீவிலிருந்து மற்றொரு தீவுக்கு நீந்திச் செல்லும் காட்சிக்குப் புகழ் பெற்ற இடம் இது. வனத்துறையின் அனுமதியோடும் வழிகாட்டியோடும் மட்டுமே செல்லலாம். நீந்தும் யானையின் வழியில் எந்த ஓடமும் குறுக்கிடலாகாது.

களனி கங்கையின் வெண்ணீர்

இதுவரை கூறியவை அமைதியான நீர். கொந்தளிக்கும் நீரை விரும்புவோர் கித்துல்கலைக்குச் செல்ல வேண்டும். சிவனொளிபாதமலைப் பக்கத்து மலைகளில் ஊற்றெடுத்து, 145 கிலோமீற்றர் ஓடிக் கொழும்புக்கு வடக்கே கடல் சேரும் களனி கங்கை, இங்கே பாறைகளிடையே நுரைத்துப் பாய்கின்றது. 1957இல் வெளிவந்த 'குவாய் நதிப் பாலம்' என்னும் ஆங்கிலத் திரைப்படம் பிடிக்கப்பட்டது இவ்விடத்திலேதான். கதை நிகழும் இடம் சயாம் நாடு. படத்தில் ஓடும் ஆறோ நமது களனி.

வெண்ணீரில் கயாக் செலுத்துவது பழகிய கைக்கே உரியது. பழகாதவர், வழிகாட்டியோடு அறுவர் எழுவர் சேர்ந்து செல்லும் காற்றடைத்த றப்பர்த் தெப்பத்தில் ஏறலாம். தலைக்கவசம் இன்றியமையாதது. மேலேயுள்ள மின் நிலையங்கள் திறந்துவிடும் நீரைப் பொறுத்தே ஆற்றின் வேகம் கூடுவதும் குறைவதும் உண்டு. வெயில் காய்கின்றதே என நம்பிச் சொந்தத் துணிவில் இறங்கியவர்களை இவ்வாறு ஏமாற்றியிருக்கின்றது. மலையில் மழை பெய்யும் நாளில் இறங்கவே கூடாது.

மேற்கும் மலைநாடும்

கொழும்பில் வாழ்வோர் நெடுந்தூரம் செல்ல வேண்டியதில்லை. மொறட்டுவைக்கும் பாணந்துறைக்கும் அண்மையிலுள்ள பொல்கொட ஏரி விசாலமானது. படகோட்டப் பழகுவதற்கு ஏற்றது. நகரின் நடுவிலுள்ள பேரே வாவியில் 1864ஆம் ஆண்டு நிறுவப்பட்ட படகோட்டக் கழகம் ஒன்றுண்டு; ஆயினும், அவ்வாவியின் நீர் மாசடைந்தது என்பதை மறைக்க முடியாது.

பலப்பிட்டியவில் உள்ள மாது கங்கை, உலக ஈரநிலங்களுக்கான றம்சார் பட்டியலில் 2003ஆம் ஆண்டு சேர்க்கப்பட்டது. தீவுகளும், கண்டல் மரங்கள் இருபுறமும் வளைந்து கூரையிட்ட குகை போன்ற நீர்வழிகளும் நிறைந்தது. விசைப்படகுகள் பெருகியுள்ளமையால், அவை புறப்படுமுன் விடியற்காலையில் சிற்றோடத்தில் செல்வதே நன்று.

வடமேற்கே கற்பிட்டியை அடுத்த புத்தளம் கடனீரேரி பரந்த நீர். மே முதல் ஒக்டோபர் வரை அங்கு வீசும் காற்று, பட்டம் கட்டி நீர்மேல் சறுக்குவோருக்குக் கொண்டாட்டம்; சிற்றோடத்துக்கோ திண்டாட்டம். மலைநாட்டில், கடல் மட்டத்துக்கு மேல் 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில், தேசாதிபதி கிறகரியின் காலத்தில் 1873இல் அமைந்த ஏரி சிறியது. சிறு பிள்ளைகளுடன் படகேறுவதற்குப் போதுமானது. ஆனால் அந்நீரின் குளிர் கடுமையானது, கவிழ்ந்தால் விளையாட்டன்று.

காலமும் காப்பும்

எங்கே செல்வது என்பதைவிட, எப்போது செல்வது என்பதே முக்கியம். வாடைக்காற்று மழை கொணரும் மார்கழி, தை மாதங்களில் கிழக்கிலும் வடக்கிலும் நீர்நிலைகள் பெருகிக் கலங்கியிருக்கும். பங்குனி முதல் புரட்டாதி வரை அங்கு ஏற்ற காலம். மேற்கிலும் தெற்கிலும் இது தலைகீழ். கார்த்திகையின் பின்னரிருந்து பங்குனி வரை உகந்தது. பருவக்காற்று மாறும் மாதங்களில் மாலை இடிமுழக்கம் சாதாரணம். முதல் இடி கேட்டவுடன் கரையேறிவிட வேண்டும்.

யாழ்ப்பாணத்துச் சோளகமும் மட்டக்களப்புக் கச்சானும் வெயில் ஏற ஏற வலுக்கும். எனவே விடியலில் புறப்பட்டு ஒன்பது மணிக்குள் திரும்புங்கள். போகும்போது காற்றை எதிர்த்துச் செல்லுங்கள். களைத்துத் திரும்பும்போது காற்றே உங்களைத் தள்ளி வரும். இதனை மாற்றிச் செய்தவர்களே நடுநீரில் அகப்படுகின்றார்கள்.

நீந்தத் தெரிந்தவராயினும் மிதவை அங்கியைக் கழற்ற வேண்டா. தனியே செல்ல வேண்டா. கரையிலுள்ள ஒருவரிடம் போகும் வழியையும் திரும்பும் நேரத்தையும் சொல்லிச் செல்லுங்கள். ஓடம் கவிழ்ந்தால் கரையை நோக்கி நீந்த முயலாது, ஓடத்தையே பற்றிக்கொண்டு மிதவுங்கள். தேடி வருவோர் கண்ணுக்குத் தலையைவிட ஓடமே எளிதில் தெரியும். முதலையுள்ள நீர்நிலையா என்பதை ஊராரிடம் கேட்டறியாமல் இறங்காதீர்கள். மீனவரின் வலையையும் கூட்டையும் கடந்து செல்லாதீர்கள். நமக்கு விளையாட்டாகும் நீர் அவர்களுக்கு அன்னம் இடும் வயல். கொண்டு சென்ற பொலித்தீன் பையைக் கொண்டே திரும்புங்கள்.

மாணவர்க்கும் பெற்றோர்க்கும்

விடுமுறை முடிந்து யாழ்ப்பாணம் திரும்புகையில், பஸ் ஆனையிறவைக் கடந்துகொண்டிருந்தது. மேற்கே வெயிலில் மின்னிக் கிடந்த நீரைக் காட்டி, "இதன் அப்பக்கந்தான் கிளாலி" என்றேன். மகள் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பின்னர் மெல்லக் கேட்டாள்: "அன்று வள்ளம் கவிழ்ந்திருந்தால் உங்களுக்கு நீந்தத் தெரிந்திருக்குமா, அப்பா?"

"இல்லை."

"எனக்கும் தெரியாதே."

அதற்கு நான் என்ன மறுமொழி கூறுவது? நீரால் சூழப்பட்ட நாட்டில், நீருக்கு அஞ்சிய தந்தை அஞ்சிய பிள்ளையை வளர்த்திருந்தேன். ஆண்டுதோறும் குளத்திலும் ஆற்றிலும் நம் மாணவர்கள் மூழ்கி இறந்த செய்தியைப் படிக்கும்போது, நீரிலிருந்து அவர்களை விலக்கியே காத்துவிடலாம் என்று எண்ணுகின்றோம். விலக்கப்பட்ட பிள்ளையே ஒருநாள் நண்பரோடு ஒளித்துச் சென்று, ஆழமறியாது குதிக்கின்றான். நீச்சலைக் கணிதத்தைப் போலவும் தமிழைப் போலவும் பாடசாலையிலேயே கற்பிக்க வேண்டும். அதுவரை பெற்றோரே அக்கடமையை ஏற்றுக்கொள்ள வேண்டும்.

நாங்கள் தொடங்கிவிட்டோம். இப்போது சனிக்கிழமைதோறும் தந்தையும் மகளும் நீச்சல் பழகுகின்றோம். நாற்பதைக் கடந்த மாணவனைக் கண்டு சிறுவர்கள் சிரிக்கின்றார்கள், சிரிக்கட்டும். மகள் நீர்த்தடாகத்தின் நீளத்தை நீந்திவிட்டாள். நான் பாதியில் நிற்கின்றேன். மீதிப் பாதியும் முடிந்த பின்னர், சோளகம் எழுமுன் ஒரு காலைப்பொழுதில், கிளாலிக் கரையிலிருந்து இருவரும் ஓடத்தில் புறப்படுவதாக உடன்பாடு. அந்த நீரை ஒரு முறையேனும் பகல் வெளிச்சத்தில், என் கையில் துடுப்போடு, கண் திறந்து பார்க்க விரும்புகின்றேன்.